பள்ளிக்குச் சோறு வந்த வரலாறும் உட்கார இடம் வந்த வரலாறும்

நீங்கள் கேட்டது இதுதான்: உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் ஆண்டு மலருக்காகப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சமையல் கூடமும் சாப்பிடும் இடமும் எப்போது, எப்படி வந்தன? உங்கள் பள்ளியின் கதையை எங்கே தேடுவது? ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சாப்பாடு போட ஆரம்பித்த வரலாறு ஒன்று. சமைக்கவும் உட்கார்ந்து சாப்பிடவும் இடம் வந்த வரலாறு இன்னொன்று. முதலாவதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஆண்டும் தலைவர் பெயரும் திட்டத்தின் பெயரும் பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். இரண்டாவதை யாரும் உட்கார்ந்து எழுதியதில்லை. அது எப்போதும் வெகுவாகப் பிந்தியே வந்திருக்கிறது. அரிசி வந்துவிடும், அண்டா வந்துவிடும், சமைக்க ஆள் வந்துவிடும். கூரைக்கான பணம் கடைசியில்தான் வரும். பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்துக்கு நிறையப் பள்ளிகளில் இன்றுவரை வரவே இல்லை. உங்கள் கட்டுரையின் மையம் இதுவாக இருக்கட்டும் என்பது என் ஆசை.

தொடக்கம் சென்னை ஆயிரம் விளக்கு. 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அப்போது மன்றத் தலைவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கு வந்தவர்கள் பரம ஏழை வீட்டுப் பிள்ளைகள். வயிறு காய்ந்தால் வருகை குறையும். அதனால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரித்தார்கள். இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811 ஆக இருந்த சேர்க்கை, 1924-25இல் 1,671 ஆனது. இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு. இதைவிடத் தெளிவான சான்று எந்தக் காலத்திலும் யாருக்கும் கிடைத்திருக்காது. இருந்தும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய ஆங்கில அரசு ஒப்பவில்லை. 1925 ஏப்ரல் முதல் தேதியோடு திட்டம் நின்றது. 1927இல் 25 பள்ளிகளில் சுமார் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு என்று மறுபடி தொடங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க ஆரம்பித்தது.

சிற்றுண்டிக்குத் தனியாகக் கூடம் தேவைப்படவில்லை. வாங்கிக் கொடுத்து, வராந்தாவிலோ மரத்தடியிலோ நின்றபடியே சாப்பிட்டுவிடலாம். ஆனால் ஒரு வேளை முழுச் சோறு என்று வந்துவிட்டால் பந்தி வேண்டும். பந்தி என்று வந்துவிட்டால் நம் ஊரில் அடுத்த கேள்வி எது என்று உங்களுக்கே தெரியும்: யார் பக்கத்தில் யார் உட்காருவது?

இதே 1925இல் தமிழ்நாட்டின் அரசியலையே திருப்பிப் போட்ட பள்ளிச் சாப்பாட்டுக் கூடம் ஒன்று உண்டு. அது திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையில் இருந்த சேரன்மாதேவி குருகுலம். வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கியது. தேசியக் கல்வி, தமிழ்வழிக் கல்வி, கைத்தொழில் என்று நல்ல நோக்கங்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, ஐயாயிரத்தை முதலில் கொடுத்தது. செட்டிநாட்டுப் பெரியவர்களும் பணம் கொடுத்தார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் இடம் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அங்கே பிராமணப் பையன்கள் இருவருக்கு, பெற்றோர் கேட்டுக்கொண்டதால், தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. செய்தி 1924இல் வெளியே வந்து பெரிய சண்டையானது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அப்போது காங்கிரஸில் இருந்த பெரியாரும் பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் இரண்டு பந்தி கூடாது என்று நின்றார்கள். மீதி ஐயாயிரம் நின்றுபோனது. ஏற்கெனவே வாக்குக் கொடுத்த அந்த இரண்டு பையன்களுக்கு மட்டும் விட்டுவிடுங்கள், இனிமேல் சேருகிறவர்கள் சேர்ந்தே சாப்பிடட்டும் என்று காந்தி சமரசம் சொன்னார். அதை இவர்கள் ஏற்கவில்லை. காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்தில் எஸ். இராமநாதன், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று கொண்டுவந்த தீர்மானம் 19க்கு 7 என்று நிறைவேறியது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் கல்யாணதீர்த்தத்தில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்டார். அதே வருடக் கடைசியில், காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அந்த வெளியேற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் குருகுலத்துப் பந்தி அதில் பெரிய பங்கு வகித்தது.

இவ்வளவு விவரமாக இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பள்ளிச் சாப்பாட்டுக் கூடம் என்றால் நாம் அடுப்பு, அண்டா, தட்டு என்றே நினைக்கிறோம். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைப்பதும் அதில் சேர்த்திதான். ஒரே தரையில், ஒரே வரிசையில், ஒரே பாத்திரத்துச் சோறு என்பது இங்கே தானாக வந்துவிடவில்லை. அதற்காக மனிதர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

இனிக் காமராசர் காலம். சேரன்மாதேவி ரயில்வே கேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று முதலமைச்சர் கேட்டார், சோறு போட்டால் போவேன் என்று அவன் சொன்னான் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். கட்டுரையில் போடுவதானால் ‘சொல்வார்கள்’ என்றே போடுங்கள். உறுதியாக எழுதக்கூடியது: 1955இல் அறிவிப்பு வந்தது, 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது, கல்வித்துறை இயக்குநராக இருந்து இதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் நெ.து. சுந்தரவடிவேலு.

அந்தத் திட்டம் நடந்த விதம் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் உங்கள் பள்ளி பழைய பள்ளி என்றால் அதன் முதல் ‘கூடம்’ இந்தக் காலத்தில்தான் இருந்திருக்கும். ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு. ஆறு காசு அரசு, நான்கு காசு ஊர். ஊர்க்காரர்கள் பணமாகவும் கொடுப்பார்கள், நெல்லாகவும் காய்கறியாகவும் விறகாகவும் கொடுப்பார்கள். அறுவடை முடிந்ததும் ஆசிரியர்களே களத்துமேட்டுக்குப் போய் வாங்கிவருவது பல ஊர்களில் வழக்கம். வருடத்துக்கு 200 நாள் சாப்பாடு. எல்லாருக்கும் கிடையாது; சேர்ந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். யார் ஏழை என்று தலைமையாசிரியர் பார்த்துப் பெயர் எழுதுவார். மற்றவர்கள் மணியடித்ததும் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், அல்லது தூக்குவாளியில் கொண்டுவந்ததைத் திறப்பார்கள். அதனால் அன்றைய பந்தி ஏழைகளின் பந்தியாகவே இருந்தது. அதில் உட்காரக் கூச்சப்பட்டுப் பசியோடு இருந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி அந்தத் தலைமுறைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சமையல் எங்கே நடந்தது? கட்டடம் என்று எதுவும் அரசு கொடுக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் போட்ட ஓலைக் கொட்டகை, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தாழ்வாரம், சில இடங்களில் கோயில் மடப்பள்ளி அல்லது சத்திரம். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதில் ஒரு பெரிய நல்லது செய்தன. ஊர் கூடி, பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு, அங்கேயே நன்கொடை சொல்லிவிடுவார்கள். கரும்பலகை, பெஞ்சு, மணி ஆகியவற்றோடு அண்டா, தவலை, கரண்டி, தட்டு எல்லாம் அப்படி வந்தன. உங்கள் பள்ளியில் பெயர் பொறித்த பழைய பித்தளை அண்டாவோ தவலையோ இருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பெயர் உங்கள் கூடத்தின் முதல் நன்கொடையாளர் பெயராக இருக்கலாம்.

1961இல் அமெரிக்காவின் கேர் (CARE) என்ற உதவி நிறுவனம் உள்ளே வந்தது. பால் பவுடர், சமையல் எண்ணெய், கோதுமை ரவை, மக்காச்சோள மாவு என்று கப்பலில் வந்தவை கிராமப் பள்ளி வரை போயின. இப்போது அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ‘கேர் பால்’, ‘மஞ்ச உப்புமா’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும், சிலருக்குச் சுளிக்கும். கோதுமை ரவைக்குத் தண்ணீர் அளவு பிடிபட ஆயாக்களுக்கே நாளாயிற்று. இந்தக் காலத்தில் ஒரு பள்ளிக்கு ஓர் அடுப்பு என்பதை விட்டு, ஒரு வட்டாரத்துக்குப் பொதுச் சமையலறை வைத்து, அங்கிருந்து வண்டியில் பள்ளிகளுக்கு அனுப்பும் முறையும் சில இடங்களில் நடந்தது. சாலை சரியில்லாத ஊர்களில் அது கஷ்டம். சோறு வந்து சேரும்போது மணி இரண்டாகிவிட்டால் எந்தப் பிள்ளை காத்திருக்கும்?

அப்புறம் 1982. அந்த வருடம் ஜூலை முதல் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறத்தில் பால்வாடிக் குழந்தைகளுக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும்; அதே வருடம் செப்டம்பரில் நகரங்களுக்கு; 1984 செப்டம்பரில் பத்து முதல் பதினைந்து வயது வரை. உங்கள் பள்ளி உயர்நிலைப் பள்ளி என்றால் உங்களுடைய சத்துணவு மையம் பெரும்பாலும் 1984இல் பிறந்தது. 1982 என்று தவறிப்போய் எழுதிவிடாதீர்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் தேதி இருக்கும்.

1982க்கும் முந்தியதற்கும் இடையே இரண்டு பெரிய வித்தியாசம். ஒன்று, ஊர் நன்கொடையை நம்பியிருந்த நிலை போனது. முழுச் செலவும் அரசுடையது. இரண்டு, ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று ஆள் போட்டார்கள். கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். அதுவரை அரிசிக் கணக்கும் விறகுக் கணக்கும் ஆசிரியர் தலையில் இருந்தது, அது இறங்கியது. இவ்வளவு செலவு தேவையா என்று டில்லியிலும் இங்கேயும் படித்தவர்கள் பலர் அப்போது கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் வேறெங்கும் தேட வேண்டாம்; 1922-23இன் 811ம் 1924-25இன் 1,671ம் போதும்.

இந்த இடத்தில் சமையல் கூடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் ஒன்றியத்தில் நான் பார்த்த கூடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. பத்துக்குப் பத்து அறை, மேலே ஓலை அல்லது ஆஸ்பெஸ்டாஸ், ஒரே ஒரு சின்ன ஜன்னல். செங்கல் வைத்து மண் பூசிய இரட்டை அடுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் விறகு நனைந்துவிட்டால் அறை முழுக்கப் புகை. சமையலர் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஊதுவார், கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். சுவர் முழுக்கக் கரி. மூலையில் அரிசி மூட்டை. அடியில் பலகை இல்லாவிட்டால் ஈரம் ஏறி அடிமூட்டை கட்டிபிடித்துவிடும், எலியும் வரும். அதனால் பல அமைப்பாளர்கள் மூட்டையைத் தலைமையாசிரியர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். காலையில் படியால் அளந்து எடுத்துப்போவார்கள். இருக்கிறதிலேயே ஆபத்தான வேலை கஞ்சி வடிப்பது. நூறு பிள்ளைக்குப் பொங்கிய அண்டாவை இரண்டு பெண்கள் துணி பிடித்துச் சாய்ப்பார்கள். தரை மேடு பள்ளமாக இருந்தாலோ வாசற்படி உயரமாக இருந்தாலோ போச்சு. கையிலும் காலிலும் தீத்தழும்பு இல்லாத பழைய சமையலரை நான் கண்டதில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் அரிசி இருப்பைப் பார்ப்பார்கள், முட்டையை எண்ணுவார்கள். தரை எப்படி இருக்கிறது, புகை எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு. அது எனக்கு அப்போதும் வருத்தம், இப்போதும் வருத்தம்.

சாப்பிடும் இடம்? வகுப்பறை வராந்தா. அது நிறைந்தால் வேப்பமரத்தடி. எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் ஆயாம்மா வாளியோடு நடந்துவருவார். மழை பெய்தால் பெஞ்சை ஒதுக்கிவிட்டு வகுப்பறைக்குள். பிறகு பிற்பகல் முழுக்க அந்த அறையில் சாம்பார் வாசம், தரையில் பருக்கை, ஈ. தட்டுக் கழுவக் குழாய் ஒன்றோ இரண்டோ. இருநூறு பிள்ளை வரிசையில் நிற்கும். கழுவின தண்ணீர் போக வாய்க்கால் இல்லாமல் குழாயடி சேறாகிவிடும். பள்ளிக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம் வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுதான் காரணம்.

2004 ஜூலை 16. கும்பகோணம். இந்தத் தேதி இல்லாமல் தமிழ்நாட்டுப் பள்ளிச் சமையலறையின் வரலாற்றை எழுத முடியாது. ஒரு தனியார் நிர்வாகத்தின் பள்ளிக் கட்டடத்தில், ஓலை வேய்ந்த சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ, மேலே வகுப்பறைகளின் ஓலைக் கூரைக்குத் தாவியது. எரியும் கூரை பிள்ளைகள் மேலேயே விழுந்தது. 94 குழந்தைகள் இறந்தார்கள். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதற்குப் பின் மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் ஓலைக் கூரைகளைப் பிரித்துப் போட்டார்கள். சமையலறை வகுப்பறையை ஒட்டி இருக்கக் கூடாது, பக்கா கூரை வேண்டும் என்பதெல்லாம் கண்டிப்பானது. நாற்பத்தெட்டு வருடமாகப் பள்ளிகளில் சமைத்துக்கொண்டிருந்தோம். அடுப்புக்கு மேலே என்ன கூரை என்ற கேள்வியை 94 குழந்தைகள் போன பிறகுதான் மாநிலம் முழுக்கக் கேட்டோம். உங்கள் பள்ளிச் சமையல் கூடத்துக் கல்வெட்டில் 2004க்கும் 2010க்கும் இடைப்பட்ட தேதி இருந்தால், அந்தக் கட்டடம் அங்கே நிற்பதற்குக் கும்பகோணமும் ஒரு காரணம் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதுங்கள்.

மத்திய அரசுப் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1995 ஆகஸ்ட் 15இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. ஆனால் பல மாநிலங்களில் சமைத்த சோறாகப் போடாமல் அரிசியாகவும் கோதுமையாகவும் அளந்து கொடுத்தார்கள். 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், சமைத்த உணவாகவே, வருடத்துக்குக் குறைந்தது 200 நாள் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. சமைக்கச் சொன்னால் சமையலறை வேண்டுமே. 2006-07 முதல் சமையலறையோடு சேர்ந்த இருப்பறைக்கு ஒரு பள்ளிக்கு 60,000 ரூபாய் என்று நிதி வந்தது. அந்தப் பணத்தில் கட்டிமுடிக்க முடியாது என்று எல்லாரும் சொன்ன பிறகு, 2009இல் பரப்பளவுக் கணக்குக்கு மாற்றினார்கள்: நூறு பிள்ளை வரை 20 சதுர மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு பிள்ளைக்கும் 4 சதுர மீட்டர். இந்த அளவுகளைக் கவனியுங்கள். சமைப்பதற்கும் மூட்டை வைப்பதற்கும் இடம் இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட ஒரு சதுர அடி கூட இந்தக் கணக்கில் இல்லை. உங்கள் பள்ளியில் தனியாகச் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது என்றால், அது சட்டமன்ற உறுப்பினர் அல்லது நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, ஊராட்சி நிதி, பழைய மாணவர் நன்கொடை ஆகியவற்றில் ஒன்றிலிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தட்டில் என்ன விழுந்தது என்பது கூடத்தையும் மாற்றியது. முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998இல் வாரத்துக்கு ஒன்று. பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி 2010இல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். வாரத்துக்கு ஒரு முட்டை என்றபோது சாம்பார் இறக்கிய அடுப்பிலேயே வேகவைத்துவிடலாம். தினமும் இருநூறு முட்டை என்றால் அதற்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு, உரிக்க ஆள், உரித்ததை வைக்கச் சுத்தமான மேடை. வெளியில் விற்றுவிடாமல் இருக்க ஓட்டில் முத்திரை குத்தி வரும். உரிக்கும்போது அந்த மை கையில் ஒட்டும்.

2013இல் ஜெயலலிதா ஆட்சியில் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம் என்று சோதனையாகக் கலவை சாதங்கள் வந்தன. 2014இல் மாநிலம் முழுக்க. அதுவரை தினமும் சோறு, சாம்பார். அதன் பின் காய்கறி பிரியாணியும் மிளகு முட்டையும் ஒரு நாள், கொண்டைக்கடலைப் புலாவும் தக்காளி மசாலா முட்டையும் ஒரு நாள், தக்காளி சாதம், கீரை சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம் என்று பதின்மூன்று வகை, நான்கு வித முட்டை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், அதில் சந்தேகமே இல்லை. அடுப்பறையில் வேலை இரட்டிப்பானது. வெங்காயம் தக்காளி நறுக்க மேடை, மசாலா அரைக்க மிக்சி, மிக்சிக்கு மின் இணைப்பு, தாளிக்க அகலச் சட்டி. விறகுக்குப் பதில் எரிவாயு, குக்கர் என்று மெல்ல மெல்ல வந்தன. புகை போனது ஒன்றே சமையலர்களுக்குப் பாதி ஆயுளைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சமம். இப்போது மாநிலத்தில் 43,000க்கு மேல் சத்துணவு மையங்கள் இருக்கின்றன.

கடைசியாகக் காலை உணவு. 2022 செப்டம்பர் 15இல் மு.க. ஸ்டாலின் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கினார். முதல் கட்டம் 1,545 தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25இல் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது, 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பெரிய நகரங்களில் பொதுச் சமையலறையிலிருந்து வண்டியில் வருகிறது. கிராமத்தில் பள்ளி வளாகத்திலேயே சமைக்கிறார்கள். நூறு வருடம் கழித்துப் பள்ளிச் சாப்பாடு மறுபடி சிற்றுண்டிக்கு வந்து நிற்கிறது. விடிகாலை ஐந்தரைக்கு ஒரு குழு அடுப்பைப் பற்றவைக்கிறது, ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு குழு மதியத்துக்கு உலை வைக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே அறை என்றால் அலமாரி யாருடையது, சிலிண்டர் யாருடையது என்று தகராறு வரத்தான் செய்யும். 20 சதுர மீட்டர் என்பது ஒரு வேளைச் சமையலுக்குப் போட்ட கணக்கு. அதைத் திருத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பந்திக் கேள்வி தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் எதிர்த்து, அவரை மாற்றி, பிறகு போராட்டம் நடந்து அதே பள்ளிக்கே திரும்ப வேலைக்கு வைத்தார்கள். 2023இல் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில் பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் பள்ளிக்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1956இல் திட்டம் தொடங்கிய அதே வட்டாரம். உங்கள் ஊரில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் ஆண்டு மலர் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். யார் பெயரும் போட வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

சரி, உங்கள் பள்ளியின் கதையை எங்கே தேடுவது? முதலில் சமையல் கூடத்துச் சுவரில் உள்ள கல்வெட்டு. வெள்ளையடித்து மறைந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நிதியின் பெயரும் ஆண்டும் மதிப்பீடும் அதில் இருக்கும். அடுத்து, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொறியியல் பிரிவில், கட்டட வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகம். ‘எம்-புக்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதே அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவில் மையம் தொடங்கிய ஆணையின் நகல் இருக்கும். துணை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். பள்ளியில் பழைய பார்வைப் புத்தகம் இருந்தால் பொக்கிஷம்: ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அன்றைக்கு எத்தனை பிள்ளை சாப்பிட்டது, என்ன குழம்பு, கொட்டகை எப்படி இருந்தது என்றுகூட எழுதிவைத்திருப்பார்கள். ஆனால் சத்துணவு இருப்புப் பதிவேடுகள் தணிக்கை முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குப் பின் கழித்துவிடப்படும், அவற்றை நம்பி நாளை வீணாக்காதீர்கள்.

காகிதத்துக்கெல்லாம் முன்னால் போக வேண்டியது ஓய்வுபெற்ற சமையலரிடம். 1982-84இல் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, மழைக்கு எங்கே உட்கார்ந்தார்கள், முதல் நாள் என்ன சமைத்தார்கள், எந்த வருடம் ஓலை மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முடிந்தால் அவரைப் பள்ளிக்கே அழைத்துப் போய் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நின்று பார்த்தால் ஞாபகம் வரும். அவர் பெயரையும் படத்தையும் அவர் சம்மதத்தோடு மலரில் போடுங்கள். தலைமையாசிரியர்கள் பட்டியல் எல்லா மலரிலும் வருகிறது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் பட்டியல் போட்ட மலரை நான் இன்னும் பார்க்கவில்லை. உங்களுடையதில் அது இருக்கட்டும்.